துரையின் ஜீப்பைவிட உயரமான ஜீப்

வாசகரே, சாட்சிக் கூண்டில் சற்று நேரம் நில்லுங்கள். இந்த வழக்கில் தீர்ப்பு என்றோ சொல்லியாகிவிட்டது. சொன்னவர் என் அக்கா, மேன்முறையீட்டுக்கு இடமில்லை. ஆயினும், நடந்தது இதுதான் என்று அறிந்த ஒருவராவது எங்கள் குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என விரும்புகிறேன். (குடும்பத்துக்குள் இருப்பவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி, அன்று அங்கே இல்லாத ஒரு பசுமாட்டையும் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பதுளை நகரில் எந்த விவாத மேடையிலும் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை என்பது என் கருத்து. 'நகரமே சிறந்தது' என்று காலையில் வென்று, 'தோட்டமே சிறந்தது' என்று மாலையில் வென்றவன் நான். வென்ற பின்பு எந்தப் பக்கம் உண்மை என்று யோசிக்கும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை. அது தோற்றவர்களின் வேலை என எண்ணியிருந்தேன்.

இறக்குமதி வாகனங்களுக்குக் கதவு திறந்துவிடப்பட்ட ஆண்டுகள் அவை. தெமோதரையில் கடை வைத்திருந்த என் சித்தப்பா, புத்தம் புதிய ஜப்பான் ஜீப் ஒன்றை வாங்கினார். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயங்களிலிருந்து அதுவரை யாரும் சொந்தமாக ஜீப் வாங்கியதில்லை. தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஜீப் என்றால் அது தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப். அது வரும்போது சைக்கிளில் போகிறவர் இறங்கி ஓரமாக நிற்பார். அந்த ரோட்டில் எங்கள் வண்டியும் ஓடிற்று. முதல் வாரமே, ரோட்டு நடுவில் துருத்திக்கொண்டிருந்த கல் ஒன்று அதன் அடிவயிற்றைப் பிறாண்டியது. சித்தப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"வண்டிய ஒசத்திருவோம்" என்றேன் நான்.

பதுளைக் கடைத்தெருவின் கோடியில் காதர் நானாவின் கராஜ். மலைநாட்டில் ஓடும் எந்த வண்டியின் இருமலையும் கேட்டே நோய் சொல்லிவிடும் மனிதர். அவர் ஜீப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கீழே குனிந்து பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, ஸ்பிரிங்ல பட்டை கூட்டலாம். அச்சுக்கு மேல இரும்புக் கட்டையும் வச்சு ஏத்தலாம். அது பிரச்சினை இல்ல. பெரிய டயர் போட்டா, ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கேக்க டயர் மட்காட்ல முட்டும். மட்காட்ட வெட்டோணும்."

"புது வண்டியில கத்தி வைக்கப்படாது நானா" என்று சித்தப்பா பதறினார்.

"அப்ப முழுசா ஒடியாம ஒரு கட்டை வச்சு நிப்பாட்டோணும். முக்காவாசிதான் திரும்பும். சின்ன டயரே போதும் தம்பி. அந்தக் கல்ல ரெண்டு பேர் போய் தோண்டி எடுத்தா வேல முடிஞ்சிச்சு."

இங்கேதான் வாசகரே, நான் எழுந்து நின்றேன். உண்மையிலேயே எழுந்து நின்றேன். கராஜில் கிடந்த பழைய டயர் ஒன்றின் மேல் ஏறி நின்றேன். ஒரு கல்லுக்குப் பயந்து தலைகுனிவதா, கல்லே நம் காலடியில் கிடக்க நிமிர்ந்து செல்வதா என்று தொடங்கினேன். நூறாண்டுகளுக்கு மேலாக அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்த சமூகம் நாம் என்றேன். துரையின் ஜீப்பைவிட ஒரு சாண் உயரத்தில் எங்கள் ஜீப் நிற்கும் நாளே எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து நடக்கும் நாள் என்று முடித்தேன். கராஜ் வேலையாட்கள் ஸ்பேனரைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். சித்தப்பாவின் கண்கள் கலங்கின.

காதர் நானா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாஞ் சரி தம்பி. உங்கட தோட்டத்து ரோட்டுல நேரா எவ்வளவு தூரம் ஈக்குது?"

"வளைவுகள் கோழைகளுக்கு" என்றேன். மறுபடியும் ஸ்பேனர் ஒலி. அந்த வாதத்தில் வென்றவன் நான்தான். அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜீப் உயர்ந்தது. லொறிக்குரிய பருத்த டயர்களின் மேல் அது நின்ற நிலை இருக்கிறதே, யானை கோவில் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. பதுளை நகரை மூன்று முறை சுற்றினோம். நகரத்துத் தெருக்களில் குறையொன்றும் தெரியவில்லை. நான் முன் இருக்கையிலிருந்து கடைகளின் பெயர்ப்பலகைகளை நேருக்கு நேர் பார்த்தேன். அந்தப் பெருமையை மறைக்க இப்போதும் எனக்கு மனமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

சரோஜா அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் முப்பது குழந்தைகளை ஒற்றைப் பார்வையில் அடக்குகிறவள். அவளுக்கு வந்த இரண்டு வரன்கள் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தன. இதுவும் போனால் அம்மா நொறுங்கிப்போவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை ஹல்துமுல்லைப் பக்கத்துத் தொழிற்சாலையில் கிளார்க், அதிகம் பேசாதவர். அவரும் அவருடைய அம்மாவும் ரயிலில் தெமோதரைக்கு வருவார்கள், நாங்கள் ஜீப்பில் அழைத்து வர வேண்டும், நாலரைக்கு ராகு காலம் தொடங்குமுன் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது ஏற்பாடு.

ஸ்டேஷனில் மாப்பிள்ளையின் அம்மா ஜீப்பை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு முழங்கால் வலி.

"இதுல எப்படிங்க ஏறுறது?"

உயர்த்தும்போது இதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஸ்டேஷனில் கிடந்த வெற்றுத் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியாக வைத்தேன். மகன் மேலிருந்து இழுக்க, அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். பெட்டியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். (இறங்குவதற்கும் படி வேண்டுமே என்று கேட்காதீர்கள். நான் மேடையேறப் பழகியவன். இறங்குவதைப் பற்றி யோசித்தவனல்லன்.)

உயர்த்திய பிறகு ஜீப் தோட்டத்து ரோட்டில் ஏறியது அன்றுதான். முதல் கொண்டையூசி வளைவு. சித்தப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார். முக்கால்வாசியில் அது நின்றது. ஜீப்பின் மூக்கு பள்ளத்தை எட்டிப் பார்த்தது. சித்தப்பா பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் விட்டு, ஒருவாறு திரும்பினார்.

பின் இருக்கையிலிருந்து அந்த அம்மாவின் குரல்:

"ஏன் தம்பி வண்டி பின்னால போகுது? நல்ல காரியத்துக்குப் போறப்ப பின்னால போகப்படாதுன்னு சொல்லுவாங்க."

எங்களிலும் அதே வழக்கம்தான். நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால், மறந்த குடையை எடுக்கக்கூட யாரும் திரும்பமாட்டார்கள். என் அம்மா கேட்டிருந்தால் அப்போதே அழுதிருப்பாள். நான் முன் இருக்கையில் திரும்பி அமர்ந்து, தொண்டையைச் செருமினேன்.

"அம்மா, ஊஞ்சல் பின்னால் போகாமல் முன்னால் வந்ததுண்டா?"

"ஊஞ்சல் எந்த ஊருக்கும் போய்ச் சேர்றதில்லியே தம்பி."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் வளைவு. ஜீப் இரண்டு முறை பின்னால் போயிற்று.

"தையல்காரர் ஊசியைப் பாருங்கள். ஒரு தையல் பின்னால் வந்துதான் அடுத்த தையல் முன்னால் போகிறது. அப்படித் தைத்தால்தான் பிரியாது. இது கல்யாணத்துக்கு எவ்வளவு நல்ல சகுனம்."

"ஊசிக்கு ராகு காலம் இல்லியே" என்றார் அந்த அம்மா, கையிலிருந்த பூப்பையை இறுக்கிக்கொண்டு.

சித்தப்பாவின் பின்கழுத்தில் வியர்வை வழிந்தது. "டேய், சும்மா வா" என்று பல்லுக்குள் சொன்னார். நான் அடுத்த உவமையான கடல் அலைக்கு வந்துகொண்டிருந்தேன்.

லயத்துக்குக் கீழே இருந்த வளைவுதான் எல்லாவற்றிலும் மோசமானது. நான்காம் முறை பின்னால் எடுத்தபோது பின்சக்கரம் ரோட்டோர வடிகாலான கானுக்குள் இறங்கிவிட்டது. முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில். ரோட்டை அடைத்துக் குறுக்காக நின்றது எங்கள் பெருமை. கொழுந்து மிகுந்த காலம் என்பதால் அன்றும் பறிப்பு நடந்தது. கொழுந்து லொறி மேலேயிருந்து வந்து எங்கள் முன்னால் நின்றது. மலையில் நின்ற பெண்கள் கூடையோடு எட்டிப் பார்த்தார்கள்.

"தொரையோட ஜீப்ப விட ஒசரம்னாங்களே, இதானா?" என்றாள் ஒருத்தி.

"ஒசரந்தான். அதான் கால் மடங்க மாட்டேங்குது" என்றாள் இன்னொருத்தி.

நான் ஜீப்பின் முன்மூடியில் ஏறினேன். ஆத்திரத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்த லொறி டிரைவரைப் பார்த்து, "தொழிலாளத் தோழரே, தாமதம் என்பது—" என்று தொடங்கினேன்.

"டேய். வாய மூடு. எறங்கு."

பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, குறுக்குப் பாதையின் கற்படிகளில் அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டாலொழியப் பெண் வாய் திறக்கக் கூடாது. கோப்பித் தட்டோடு தலைகுனிந்துதான் முன்னால் வரவேண்டும். அவளோ நெற்றியில் வியர்வையும் காலில் செம்மண்ணுமாக வந்தாள். மூன்றாவது வரனும் போயிற்று, அதுவும் என்னால்.

"லொறியில இருந்து சாக்க எடு" என்றாள் என்னிடம்.

"கொழுந்து நசுங்கிப் போனா தொழிற்சாலையில எடுக்க மாட்டாங்க தங்கச்சி" என்று லொறிக்காரர் முனகினார்.

"மூணு சாக்குத்தான் அண்ணே. அவங்க காலும் நசுங்கப்படாதில்ல."

சாக்குகளை ஜீப்பின் கதவடியில் படிபோல அடுக்கினோம். அக்கா கை கொடுக்க, அந்த அம்மா பச்சைக் கொழுந்தின் மேல் மெத்தென்று கால் வைத்து இறங்கினார். "நீங்க பின்னால தள்ளுங்க" என்று அக்கா சொன்னது மாப்பிள்ளையிடம். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உடனே போனார். மலையிலிருந்து ஆறு பெண்கள் இறங்கி வந்து தோள் கொடுத்தார்கள். ஜீப் கானைவிட்டு ஏறிற்று. நான் சாக்குகளைத் திரும்ப லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை.

குறுக்குப் பாதையால், அக்காவின் தோளைப் பிடித்தபடி, நின்று நின்று அந்த அம்மா ஏறினார். வாசற்படியில் கால் வைத்தபோது நாலரைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. உட்கார்ந்ததும் தண்ணீர் குடித்தார். என் அம்மா கதவோரம் நின்றாள்.

"பொண்ணக் கூப்பிடவா?" என்றாள்.

"என்னத்துக்குங்க? வழியிலேயே பாத்தாச்சு." அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "எங்க வீட்டிலயும் ஒரு மனுசன் இருக்காரு. காலையில தொடங்குனா வாய் நிக்காது. ஒத்த வார்த்தையில நிப்பாட்டுற ஆள நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். எங்களுக்குச் சம்மதம். உனக்கு எப்படிடா?"

மாப்பிள்ளை செம்மண் படிந்த கைகளைப் பார்த்தபடி, "சரிம்மா" என்றார். அன்று அவர் பேசியது அதுவொன்றே. அது போதுமாயிருந்தது.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது வாதத்தை நீட்டினால், சின்னப் பிள்ளைகள்கூட "சாக்க எடு" என்கிறார்கள். அத்தான் சொல்வதில்லை, சிரிப்பதோடு சரி. சரோஜாவின் தம்பி என்று என்னை அறிமுகம் செய்யும்போது நான் தலை நிமிர்ந்துதான் நிற்கிறேன். நான் வென்ற எந்தக் கோப்பையும் அந்த உயரத்துக்கு வராது.

அன்று கோப்பி வந்தபோது அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "ஒண்ணுதான் கேக்குறேன் தம்பி. கல்யாணத்தன்னைக்கு என்ன செய்வீங்க? எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

நான் எழுந்தேன். பழக்கதோஷத்தால் உட்காரும் பலகையின் மேல் ஏறப்போய், அக்காவின் கண்ணைப் பார்த்துத் தரையிலேயே நின்றேன். கையை நெஞ்சில் வைத்து, கோப்பி ஆறும்வரை வாக்குக் கொடுத்தேன்:

"அவையோரே, மணநாளன்று உங்கள் உறவினர் அனைவரையும் தெமோதரையிலிருந்து நடத்தியே அழைத்து வருவேன். மணமகனின் தாயாரை நாற்காலியில் அமர்த்தி, அதன் ஒரு காலை நானே சுமப்பேன். ஓர் அடியும் பின்னால் வைக்கமாட்டேன். வழி நெடுக ஒரு சொல்லும் பேசேன். பேசியே ஆகவேண்டிய நிலை வந்தால், அக்காவிடம் அனுமதி பெற்று, மூன்றே நிமிடத்தில் முடித்துக்கொள்வேன்."