மெம்பர் வீட்டு நாற்காலியில் ஒரு கண்டனக் கூட்டம்

கண்டனக் கூட்டம் போட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஓர் ஈயால் வந்தது.

எங்கள் தாலுகாவின் சட்டசபை மெம்பருடைய மோட்டார் மயிலாடி ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. மனுவும் கையுமாக ஓரத்தில் நின்ற நான் கும்பிட்டேன். உள்ளேயிருந்து அவரும் கையை அசைத்தார். அடேயப்பா, நம்மைத் தெரிந்திருக்கிறதே என்று பல்லெல்லாம் வெளியே தெரிய வண்டியின் பின்னாலேயே ஓடினேன். வண்டி நிற்கவில்லை. கை இன்னொரு தடவை அசைந்தது. அப்புறம் பட்டென்று கன்னத்தில் ஓர் அடி. (அவர் கன்னத்தில்தான்.) அவ்வளவு மரியாதையும் ஓர் ஈக்கு நடந்திருக்கிறது. நான் வாயில் புழுதியோடு நின்றேன்.

நான் அரிச்சுவடி படித்தபோதும் அவர்தான் மெம்பர். படிப்பை முடித்து, வாசகசாலையில் பத்திரிகைகளின் ஓரம் தேயத் தேய வாசித்துக்கொண்டிருந்தபோதும் அவர்தான் மெம்பர். ஆனால் வீட்டுக்குப் போனால் ஆள் கிடைக்கமாட்டார். காரியஸ்தர் வாசலிலேயே மறிப்பார். "குளிக்காரு." "இப்பம்தான் திருவனந்தபுரத்துக்குப் போனாரு." "மண்டைக்காட்டு அம்மன் கொடைக்குப் போயிருக்காரு."

"கொடை முடிஞ்சு மாசக்கணக்கு ஆச்சே, இன்னும் வரல்லியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வந்தாரு, போனாரு" என்றார் காரியஸ்தர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

எனக்கு அவரைப் பார்க்க வேண்டிய அவசரம் இருந்தது. எங்கள் வயல் கால்வாயின் கடைசியில் கிடக்கிறது. கன்னிப்பூ போகத்து நெல் கதிர் தள்ளப் பொதி கட்டி நிற்கிற நேரத்தில் தண்ணீர் வரவில்லை. மேலே ஷட்டரைத் திறக்க மராமத்து ஆபீசில் சொல்ல வேண்டும். மெம்பர் சொன்னால்தான் அங்கே காது கேட்கும். வயலோ பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தது. இந்தப் பூவும் மணி பிடிக்காமல் சாவியாகிப் போனால் பாட்டத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். அப்பா தினமும் வரப்பில் நின்று கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானோ பத்திரிகை படித்தவன். நாகர்கோவிலிலும் மதுரையிலும் கண்டனக் கூட்டம் போடுகிறார்கள், நாம் போட்டால் என்ன? "நமது மெம்பர் எங்கே?" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஊரெல்லாம் ஒட்டினேன்.

"ஏலே ஏசுவடியான்," என்றார் அப்பா, "அவருகிட்டதான் மடை தொறக்கச் சொல்லணும். அவரையே ஏசினா தண்ணி எங்க வழியா வரும்? ஒனக்க வாய் வழியாவா?"

எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஓர் அக்கிராசனர் கிடைக்கவில்லை என்பதே பெரிய கவலையாக இருந்தது. ஹெட்மாஸ்டருக்கு வயிற்றுவலி. வைத்தியர் தனக்கே கஷாயம் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். வேதக்கோயில் பெஞ்சுகளைக் கேட்டதற்கு உபதேசியார், "பெஞ்சு கர்த்தருக்குள்ளது. கண்டனத்துக்கெல்லாம் தரக்கூடாது பிள்ளே" என்று கதவைச் சாத்தினார். என் சிநேகிதன், தையல்கார செல்லப்பன்தான் தைரியம் சொன்னான். "சாமானெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீ பேசதுக்கு மட்டும் படி மக்கா."

படித்தேன். கால்வாய்க் கரையில் மாடுகளுக்கு முன்னால் பேசிப் பேசி, நடுவில் ஒரு சொல் மாறினாலும் மொத்தமும் மறந்துபோகிற அளவுக்கு மனப்பாடம் செய்தேன்.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனால் கண்ணை நம்ப முடியவில்லை. வரிசையாகப் பெஞ்சு. பச்சைத் துணி விரித்த மேசை. காஸ் லைட். நடுவில், கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கிய பெரிய நாற்காலி.

"எங்கேயிருந்து மக்கா?"

"மெம்பரு வீட்டிலேருந்துதான்."

நான் நாற்காலியை விட்டு ஓரடி தள்ளி நின்றேன். செல்லப்பன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "கல்யாணமோ கருமாதியோ, நம்ம ஊருல சாமான் வேற எங்கன எடுக்கது?"

"ஆளு இருந்தாரா?"

"பின்னே? லைட்டுக் கண்ணாடிய வேற ஆளு தொட விடமாட்டாரே. அவருதான் எடுத்துத் தந்தாரு."

"என்ன கூட்டம்னு கேக்கல்லியா?"

"கேட்டாரு. பொதுக்கூட்டம்னேன். வெத்தில பாக்கு வச்சுக் கூப்பிட்டுட்டும் வந்தேன்."

"கூப்பிட்டியா!"

"சாமான் தாறவர கூப்பிடாண்டாமா? என்ன மரியாதவே அது?"

மோட்டார் சத்தம் கேட்டது. மெம்பர் இறங்கினார். ஊரே எழுந்து நின்றது. அவர் நேரே போய்ச் சிங்கமுக நாற்காலியில் உட்கார்ந்தார். (அவர் வீட்டு நாற்காலி, அவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. வேறு எங்கே உட்காருவார்?) இப்படியாக என் கண்டனக் கூட்டத்துக்கு அக்கிராசனர் கிடைத்தார்.

ஓடியிருக்கலாம். ஆனால் செல்லப்பன் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டான். வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்தது தானாக வந்தது.

"மாட்சிமை தங்கிய அக்கிராசனர் அவர்களே! நம் மெம்பரைக் கண்ணால் கண்டவர் இவ்வூரில் உண்டா?"

"ஏலே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றாள் முன்னால் இருந்த தங்கம்மை அக்கா. "இன்னாதான இருக்காரு, மலை மாதிரி!"

மைதானம் குலுங்கியது. மெம்பர் கையமர்த்தினார். "பிள்ள பேசட்டும். பேசு மக்கா."

நிறுத்த எனக்கும் ஆசைதான். நிறுத்தினால் மொத்தமும் மறந்துவிடும். "அவர் நெட்டையா? குட்டையா? யார் அறிவார்? ஒல்லியா? பருமனா? யார் அறிவார்?" என்று முழங்கினேன். மெம்பர் குனிந்து தம் வயிற்றை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் நான் என்ன பேசினேன் என்று யாருக்கும் கேட்கவில்லை, சிரிப்பு அப்படி.

பேசி முடித்ததும் அக்கிராசனர் எழுந்தார். முறைப்படி தீர்மானத்தை வாசித்தார். "மெம்பரக் கண்டிக்கியவங்க கை தூக்கணும்."

ஒரு கைகூட எழவில்லை. செல்லப்பன் கை பாதி வரை ஏறி, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. தீர்மானம் கொண்டுவந்த என் கையோ மேசைத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பின்வரிசையில் ஒரு கை மெல்ல எழுந்தது. அப்பா.

"கோவிச்சுக்கிடப்பிடாது அய்யா," என்றார். "ஒங்கள ஏச எனக்குத் தெரியாது. பயிரு பொதியில நிக்குது. தண்ணி இல்ல. இந்தப் பூவும் போனா வயலு எனக்கில்ல."

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. மெம்பர் தம் கையையும் தூக்கினார். "ரெண்டு ஓட்டு. எதிர்ப்பு இல்ல. தீர்மானம் நிறைவேறிச்சு" என்றவர், "காலம்பற வீட்டுக்கு வாரும்" என்றார்.

"வந்தா குளிக்காருன்னு சொல்லுவாங்களே அய்யா."

மெம்பர் குரலைத் தாழ்த்தினார். "சும்மா வந்தா அப்படித்தான் சொல்லுவான். நாற்காலியக் கொண்டு வாரும். சாமானு திரும்பி வந்தா என்னைய விளிச்சே ஆவணும்."

மறுநாள் விடிந்ததும் சிங்கமுக நாற்காலியை என் தலையில் ஏற்றிவிட்டார் அப்பா. வழிநெடுக ஊர் வேடிக்கை பார்த்தது. "குளிக்..." என்று ஆரம்பித்த காரியஸ்தர் நாற்காலியைக் கண்டதும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். மெம்பர் துண்டோடு ஓடிவந்து நாலு காலையும் தடவிப் பார்த்தார். ஒரு கீறலுக்காக என்னை ஏசினார். ஏசிக்கொண்டே அப்பா சொன்னதையெல்லாம் கேட்டார். அன்றைக்கே மோட்டார் மராமத்து ஆபீசுக்குப் போயிற்று. தண்ணீர் வந்தது. மேட்டில் நின்ற பயிர் சாவியாகிவிட்டது, மற்றது பிழைத்தது. பாட்டம் எங்களிடமே இருக்கிறது.

இப்போது எங்கள் பக்கத்தில் மெம்பரைப் பார்க்க வேண்டியவர்கள் முதல் நாள் ஒரு பெஞ்சு இரவல் வாங்குகிறார்கள். வீட்டில் என் நிலைமைதான் மோசம். யாராவது எனக்குப் பெண் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தால் போதும், தங்கச்சி உள்ளேயிருந்து, "நெட்டையா? குட்டையா? யார் அறிவார்?" என்று முழங்குகிறாள். அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார்.

ஆனாலும் மேட்டுப் பயிர் போனது எனக்கு ஆறவில்லை. ஷட்டரைப் பிந்தித் திறந்த என்ஜினீயருக்கு அடுத்த மாதம் ஒரு கண்டனக் கூட்டம் வைத்திருக்கிறேன். பெஞ்சு கேட்கப் போனபோது மெம்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். லைட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அக்கிராசனம் யாரு மக்கா?" என்றார்.