புலியைச் சேர்க்கலாமா?

மூன்று வாரம் தேடியும் ஸ்ரீகுமாருக்கு வெறுப்பு கிடைக்கவில்லை.

கிடைத்தே ஆக வேண்டும். இணையத்தில் இனவெறுப்பும் தீவிரவாதமும் தலைவிரித்தாடுகின்றன என்று அடித்துச் சொல்லி, லண்டன் கருத்தரங்குக்கு முடிவுரையை முதலிலேயே அனுப்பிவிட்டார். ஆதாரத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி முறை. 1999ஆம் வருஷம், மைசூரில் ப்ரௌசிங் சென்டர்கள் அப்போதுதான் முளைத்திருந்தன. கட்டுரை தேறினால் லண்டன். லண்டன் போய் வந்தால் ரீடர் பதவி. இல்லையென்றால் ரிட்டயர் ஆகும்வரை வெறும் லெக்சரர்.

"அவனவன் காதல் கவிதையும் பயோடேட்டாவும்தான் அனுப்பறான்," என்று சாப்பிடும்போது சலித்துக்கொண்டார். "ஒருத்தன்கூட ஒருத்தனைத் திட்ட மாட்டேங்கறான். நாடு எங்க உருப்படும்?"

"ரசம் இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்றாள் மனைவி விசாலாக்ஷி. கோபிச்செட்டிபாளையத்துப் பெண்.

"இன்னிக்கும் ஹுருளி ரசமா? நாலு மாசமா இதேதானே?"

"உடம்புக்கு நல்லதுங்க."

அவரிடம் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது. தொப்பை என்று ஒரு வார்த்தை சொன்னதற்காக டாக்டரையே மாற்றிய மனிதர் அவர்.

மறுநாள் வெறுப்பு கிடைத்தது. ஒரு மெசேஜ் போர்டில், இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். எழுதிய ஆளின் பெயர் விஷா. கன்னடத்தில் விஷா என்றால் விஷம். ஸ்ரீகுமார் மைசூரில் பிறந்து கன்னடத்தில் படித்தவர். தமிழ் அவருக்குப் பேச்சோடு சரி. ஆனாலும் சப்புக்கொட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அவருக்குத் தெரியக் கூடாது. தினமும் கொல்லு. மூளை கட்டின கொல்லு இன்னும் நல்லது. நசுக்கிப் போடு. வெடிச்சதும் மூடிடு."

அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் சாம்பசிவனிடம் ஓடினார்.

"ஒரே ஆளை எப்படிப்பா தினமும் கொல்றது?" என்றார் சாம்பசிவன்.

"அது குறியீடு சார். மூளை கட்டினன்னு இருக்கு பாருங்க, அதுதான் மூளைச்சலவை. சாதாரண ஆள் எப்படித் தீவிரவாதி ஆகறான்னு உலகமே தேடிட்டிருக்கு. நான் கண்டுபிடிச்சுட்டேன்."

"ஒத்தை மெசேஜை வெச்சுக்கிட்டு லண்டன்ல என்னப்பா பேசுவே? நீ ஏதாவது எழுதிப் போட்டு, பதில் வாங்கு."

ஆகவே ஸ்ரீகுமார் தாமே தீவிரவாதி ஆனார். எல்லாம் ஆராய்ச்சிக்காகத்தான். தமக்குப் புலி என்று பெயர் வைத்துக்கொண்டு, அதே இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி தட்டினார்: "புலியைச் சேர்க்கலாமா?"

மறுநாளே விஷா பதில் போட்டிருந்தது. "கொஞ்சம் சேர்த்தா போதும். கொல்லுதான் முக்கியம்."

"பாத்தீங்களா சார், புலியை, அதாவது என்னைச் சேர்த்துக்கிட்டாங்க," என்றார் ஸ்ரீகுமார், பிரமோஷனே வந்துவிட்டதுபோல.

புலி என்ற சொல்லைக் கேட்டதுமே சாம்பசிவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "கொஞ்சம் சேர்த்துட்டாங்களா? அப்ப நீயும் கொஞ்சம் அவங்க ஆளாயிட்டே. போலீஸ் வந்து கேட்டா, உன்னை எனக்குத் தெரியவே தெரியாது."

"அவங்க வர்றதுக்கு முன்னாடி நாமே கூப்பிட்டுட்டா, சார்?"

கூப்பிட்டார்கள். வந்த இன்ஸ்பெக்டருக்கு இண்டர்நெட் விளங்கவில்லை. புலி நன்றாக விளங்கியது.

"யாரு மேஷ்ட்ரே அந்தப் புலி?"

"நான்தான்."

"அப்ப உங்களைத்தானே முதல்ல உள்ளே வெக்கணும்?"

அரை நாள் விளக்கியும் பயனில்லை. விஷாவைப் பிடித்துக் கொடுத்தால் புலியை விடுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் முடித்துவிட்டார். லண்டன் மறைந்து, இப்போது லாக்கப்பே கண்ணுக்குத் தெரிந்தது. 'புலி மைசூரில்தான் இருக்கிறது, நேரில் பார்க்க வேண்டும்' என்று ஸ்ரீகுமார் எழுதிப் போட்டார்.

"வியாழன் நாலு மணி, மண்டி மொஹல்லா ப்ரௌசிங் சென்டர். டப்பாவில் போட்டுக் கொண்டு வரேன்," என்று பதில் வந்தது.

டப்பா என்றதும் இன்ஸ்பெக்டர் நான்கு கான்ஸ்டபிள்களுக்கும் இரண்டு வாளி மணலுக்கும் ஏற்பாடு செய்தார்.

வியாழக்கிழமை சந்துக்குள் அடைத்து நின்ற ஸ்கூட்டர்களைத் தள்ளிவிட்டு எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். கடைசி கம்ப்யூட்டரில் சென்டர்க்காரப் பெண் மாதேவி உட்கார்ந்திருந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரி. டைப் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பது அவள் வேலை. பக்கத்தில் முதுகைக் காட்டி ஒரு பெண்மணி, மடியில் எவர்சில்வர் டப்பாவோடு.

"யாரு இங்க விஷா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தானுங்க. பேரை முழுசா அடிச்சா நேரமாகும்னு மாதேவிதான் சுருக்கி..." என்றபடி திரும்பிய விசாலாக்ஷி, புருஷனைப் பார்த்ததும் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

மறைத்ததுதான் தாமதம், ஒரு கான்ஸ்டபிள் டப்பா, கீ போர்டு எல்லாவற்றின் மேலும் ஒரு வாளி மணலைக் கொட்டினார்.

ஸ்ரீகுமாருக்கு அந்த முதல் மெசேஜ் ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரியக் கூடாது. எந்த அவர்? கல்யாணமாகி இருபது வருஷமாக விசாலாக்ஷி பேர் சொல்லாமல் அவர், அவர் என்று சொல்வது உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலும், கட்டுரைக்கு இது ஒன்றே போதும் என்று மனசின் ஒரு மூலை சந்தோஷப்பட்டதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இன்ஸ்பெக்டர், நாலு மாசமா இவ என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுட்டிருக்கா. எல்லாம் எழுத்துல இருக்கு. அரெஸ்ட் பண்ணுங்க."

மாதேவி கீ போர்டைக் கவிழ்த்து மணலைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங் சார், அது கொல்லு இல்லீங்க, கொள்ளு, நீங்க ஹுருளிம்பீங்களே, அது. டப்பாவுல இருக்கறது முளை கட்டின கொள்ளுதானுங்க, போர்டுல போட்டது ரசப் பக்குவம். உங்க தொப்பை கரையோணும்னுதான் அக்கா நாலு மாசமா ரசம் வெக்கறாங்க, புளி கொஞ்சமாப் போட்டு."