லண்டன் சாதியின் எசமான்

நாய் வளர்ப்பவரைப் பார்த்திருப்பீர்கள். நாயின் சாதிச் சான்றிதழை லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பவரைப் பார்த்ததுண்டா? அது தனி ஜென்மம். மாதிரிக்கு நாரணாபுரம் கனகசபாபதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையில் யாராவது 'இன்னைக்கு வெயில் கூட' என்றால் போதும். யார்க்‌ஷயர் டெரியர் என்ற தன் லண்டன் சாதி நாய்க்கு வெயில் ஆகாது, தினமும் சீப்புப் போட வேண்டும், கண்ணில் விழும் முடியைத் தூக்கி ரிப்பன் கட்ட வேண்டும், தலைக்குத் தனி ஷாம்பு விருதுநகரிலிருந்து வர வேண்டும் என்று தொடங்கி, கேட்டவன் எழுந்து போய் அடுத்தவன் வந்து உட்கார்ந்த பிறகும் நிறுத்தமாட்டார்.

"எலி பிடிக்கப் பொறந்த சாதிலே. பயம்னா என்னன்னே தெரியாது. ஒரே எசமான்தான்."

"அப்ப நேத்து கட்டிலுக்கடியில நடுங்கிக்கிட்டுக் கெடந்தது யாருண்ணே?" என்றான் கடைக்கார மாரிசாமி.

"எலி தேடுச்சு."

மூன்று கிலோகூடத் தேறாத அதற்கு அவர் இட்ட பெயர் அணுகுண்டு. அவர் வேலையோ, பட்டாசு கம்பெனிக்குப் பின்னால் பொட்டலில் தினமும் நாலு மணிக்கு சாம்பிள் வெடிகளைக் கொளுத்திப் பார்ப்பது. முதல் வெடி வீட்டுக்குக் கேட்டதுமே அணுகுண்டு கட்டிலடியில். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆறு மணிக்கு அவர் வாசலில் கால் வைத்ததும், சட்டையின் வெடிமருந்து வாடைக்கே அலறிக்கொண்டு அவர் மனைவி இருளம்மாளின் மடிக்குப் பாய்ந்துவிடும். இரண்டு மாதமாக இதே கதை. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவரிடம் வரவில்லை.

"வா தாயி, அப்பா வந்திருக்கேன்ல."

"இந்த நாத்தத்தோட வந்தா நானே பக்கத்துல வரமாட்டேன். அது லண்டன்காரி, வருமாக்கும்?" என்றாள் இருளம்மாள்.

மறுநாள் அவர் சட்டையை வேலியிலேயே கழற்றிப் போட்டார். நாயின் ஷாம்புவை உச்சி முதல் பாதம் வரை தேய்த்துக் குளித்து, துண்டோடு வாசற்படியில் உட்கார்ந்தார். தெருவே பார்த்தது.

அணுகுண்டு வந்தது. கட்டைவிரலை மோந்தது. தும்மியது. பிறகு மடியில் ஏறிச் சுருண்டு தூங்கிப்போனது.

கால் மரத்தது. கொசு கடித்தது. இருளம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள். வாயைத் திறந்தால் நிறுத்தாத மனுசன், எங்கே விழித்துவிடுமோ என்று, தலையை மட்டும் ஆட்டினார்.

சிரித்தாயிற்றா? இன்று வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, உங்களைக் கண்டதும் எழுந்து அடுத்த அறைக்குப் போவது யார் என்று கவனியுங்கள். நாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஷாம்பு விருதுநகரில் கிடைக்கிறது.