ஆஃப் அண்ணாச்சியின் ஃபேமிலி ரூம்

துபாயில் குளிருக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ஆஃப் அண்ணாச்சிதான். புஜைராவிலிருந்து அபுதாபி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொருவர் அகப்பட மாட்டார். வெளியே ஜூலை மாத வெயிலில் தார் ரோடு உருகிக்கொண்டிருக்கும். அறைக்குள் அண்ணாச்சி குரங்குக் குல்லா, முழுக்கை ஸ்வெட்டர் சகிதம், ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய பூப்போட்ட கம்பளியைப் பிரித்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதில் விசேஷம் என்னவென்றால், அவர் பார்த்த வேலை ஏசி மெக்கானிக்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று பாஸ்போர்ட்டில் இருந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தேவைப்படவில்லை. துபாயின் சத்வா பகுதியில் ஒரு பழைய வில்லாவைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஓர் அறையில் நாங்கள் ஐந்து பேர், ஜன்னலில் ஒரு கிழட்டு ஏசி. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு எல்லோரும் அசந்து தூங்குவோம். அண்ணாச்சி ஓசைப்படாமல் எழுந்துபோய் ஏசியை அணைத்துவிட்டு வந்து படுப்பார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் நாலு பேரும் தொப்பலாக நனைந்து எழுந்து உட்காருவோம். யார் ஆஃப் பண்ணது என்று கேட்கும் வழக்கமே அந்த அறையில் இல்லை. பெயர் அப்படித்தான் வந்தது.

"மனுசனுக்குக் காத்து வேணும்டே. குளிரு மீனுக்குத்தான் வேணும், கெட்டுப் போகாம இருக்க" என்பார்.

இந்தக் கொள்கையை அறைக்குள் வைத்திருந்தாலும் பரவாயில்லை. ஒருமுறை ஏதோ ஒரு அரபி வீட்டில் ஏசியைச் சரிபண்ணி ஓடவிட்டார். பிறகு வீட்டுக்காரம்மாளைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த இந்தி, அரபி, திருநெல்வேலித் தமிழ் மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து, இது எலும்புக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள், கலாஸ், அவ்வளவுதான் என்று உபதேசம் பண்ணியிருக்கிறார். அந்தம்மாள் கம்பெனிக்குப் போன் போட்டு, நீங்கள் அனுப்பியது மெக்கானிக்கையா டாக்டரையா என்று கேட்டாளாம். ஃபோர்மேன் காய்ச்சி எடுத்துவிட்டார். அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. உள்ளதைத்தானே சொன்னேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் அப்போது சத்வா கடைத்தெருவில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். விசா மனு, வாடகைப் பத்திரம், எதுவானாலும் அடித்துக் கொடுப்போம். முதலாளி காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் எங்களுக்கும் அவர் காக்காதான்.

ஒரு சாயங்காலம் அண்ணாச்சி கடைக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் பார்த்து, என் காதருகே குனிந்தார். "தம்பி, பாங்காக்குல ஒரு ரூம் போடணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளைகுடாவில் தனிக்கட்டையாக இருக்கிற ஒரு ஆள் பாங்காக் போகிறேன் என்றால், கேட்கிறவன் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார்.

"பல்லைக் காட்டாத. ஃபேமிலியோட போறேன். ரூம்ல ஒருத்தன்ட்டயும் மூச்சு விடக்கூடாது."

துபாய்த் தமிழில் ஃபேமிலி என்றால் மனைவி. குடும்பம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. 'அவருக்கு ஃபேமிலி விசா இருக்கு', 'ஃபேமிலி ஊர்ல இருக்கு', எல்லாமே அந்த ஒருத்தியைப் பற்றியதுதான். பெண்டாட்டி என்று பச்சையாகச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு கூச்சம்.

அண்ணாச்சியின் சம்பளத்துக்கு ஃபேமிலி விசா கிடைக்காது. விசிட் விசாவில் அழைத்து வந்தால் எங்கே தங்கவைப்பது, நாலு தடியன்கள் குறட்டை விடுகிற அறையிலா? ஊருக்கோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் போவார். போனால் பெட்டியைத் திறக்கிற நிமிஷத்திலிருந்து வீடு நிறையச் சனம். ஒருத்தருக்கு சென்ட், ஒருத்தருக்கு டார்ச் லைட், பங்காளி வீட்டுக் கல்யாணம், தங்கச்சி வீட்டுப் பஞ்சாயத்து. இப்படியே கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு பையனும் பள்ளிக்கூடம் போகிறான்.

"அவகூட உக்காந்து ஒரு காப்பிய முழுசாக் குடிச்சதில்ல தம்பி" என்றார். "பாதியில யாராவது வந்துருதாவ. அஞ்சு நாளு. ஒருத்தரும் கதவைத் தட்டாத ஒரு ரூம்ல அவளும் நானும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

பையனை அண்ணாச்சியின் அம்மாவிடம் விட்டுவிட்டு மனைவி மட்டும் சென்னையிலிருந்து பாங்காக் வருவதாக ஏற்பாடு. அவரோடு வேலை பார்த்த ஒரு ஃபிலிப்பினோ ஒரு சின்ன விடுதியின் இமெயில் முகவரியைக் கொடுத்திருக்கிறான். அங்கே ஏசி இல்லாத ஃபேன் ரூம் என்றே தனியாக உண்டாம், வாடகையும் குறைவாம். கூடுதல் காசு கொடுத்தாவது ஏசியைத் தவிர்க்க நினைக்கிறவருக்கு, ஏசி இல்லாத அறையைக் குறைத்த விலையில் தருகிறார்கள் என்றால் எப்படி இருக்கும்? சொர்க்கம்தான்.

அன்றிலிருந்து தினமும் டூட்டி முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். ஃபேனுக்கு ரெகுலேட்டர் உண்டா, ஜன்னல் திறக்குமா, திறந்தால் எதிரே யாராவது உட்கார்ந்திருப்பார்களா, ஃபேன் சத்தம் போடுமா, சத்தம் போட்டால் நானே சரிசெய்துகொள்ளலாமா, டீ போட வெந்நீர் கிடைக்குமா. விடுதிக்கார அம்மாள் மகா பொறுமைசாலி. ஒவ்வொன்றுக்கும் 'எஸ் சார், கேன் சார்' என்று பதில் போட்டுக்கொண்டே இருந்தாள். கதவை யாரும் தட்டுவார்களா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. கேள்வி புரியவில்லை போலிருக்கிறது.

இதற்குள் விஷயம் பாதி கசிந்து, அண்ணாச்சி பாங்காக் போகிறார் என்று அறை முழுக்கத் தெரிந்துவிட்டது. பையன்கள் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். எனக்கே பொறுக்காமல், உண்மையைச் சொல்லிவிடலாமே அண்ணாச்சி என்றேன்.

"வேண்டாம்டே. வேற எதுக்கோ போறேன்னு நெனச்சா ரெண்டு நாள் சிரிச்சுட்டு விட்டுருவானுவ. பொண்டாட்டியோட போறேன்னு தெரிஞ்சா வருசம் பூரா கேலி பண்ணுவானுவ" என்றார். அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கடைசியாக, 'ஃபேமிலியோடு வருகிறேன், தோதான அறையை உறுதிசெய்யவும்' என்று ஒரு மெயில் அடித்தோம். மறுநாளே பதில் வந்துவிட்டது. 'ஃபேமிலி ரூம், 6 பாக்ஸ், கன்ஃபர்ம்டு' என்று போட்டிருந்தது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஊர் ஓட்டல்களில் திரை போட்டு ஃபேமிலி ரூம் வைத்திருப்பது மாதிரி, பேச்சுலர் எவனும் எட்டிப் பார்க்க முடியாத அறை என்று எடுத்துக்கொண்டார். அந்த '6 பாக்ஸ்'தான் கொஞ்சம் இடித்தது. ஆங்கிலத்தில் P-A-X. அரபிக்காரர்கள் வாயில் P வராது, B தான் வரும்; Parking-ஐ அவர்கள் Barking என்று சொல்லக் கேட்டே பழகின காது நமக்கு. ஆகவே இது Box, அதாவது பெட்டி என்று அண்ணாச்சி தீர்ப்பளித்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியே கை காய்த்தவர் வேறு எப்படி நினைப்பார்?

"ஆறு பெட்டி கொண்டு வரலாம்னு சொல்லுதாவ. நல்ல மனுசி" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

விமான நிலையத்தில் கேள்வி கேட்டால் காட்டுவதற்காக அந்த மெயிலைத் தாளில் அச்செடுத்துப் பிரதி ஒன்றை, லீவில் போன ஒருவரிடம் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். அங்கேதான் வந்தது வினை. தாளை வாங்கிப் படித்தவர் அண்ணாச்சியின் தங்கை புருஷன். அவர் கோயில் கோயிலாகச் சுற்றுலா பஸ் விடுகிறவர். பாக்ஸ் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அண்ணாச்சி ஊருக்குப் போன் பேசிவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், என்னை விட்டுவிட்டு காக்காவைப் பார்த்து, பாக்ஸ் என்றால் என்ன என்று கேட்டார்.

காக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பாக்ஸ்னா பெட்டி இல்ல தம்பி. ஆளு. ஆறு பாக்ஸ்னா ஆறு பேரு."

"அப்ப ஃபேமிலி ரூம்னா?"

"துபாய விட்டு வெளிய போயிட்டா, ஃபேமிலின்னா எல்லாரும்தான்."

வீட்டில் நடந்தது இதுதான். மச்சான் நம் எல்லோரையும் சேர்த்து ஆறு பேருக்கு அறை போட்டிருக்கிறார் என்று தங்கை புருஷன் கூடத்தில் நின்று அறிவித்துவிட்டார். அண்ணாச்சி, மனைவி, மகன், அம்மா, தங்கை, தங்கை புருஷன். எண்ணினால் ஆள் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. ரூம் மச்சான் போட்டுவிட்டார், டிக்கெட் நம் பாடு என்று மளமளவென்று பாஸ்போர்ட் வேலை ஆரம்பமாகிவிட்டது.

ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திவிடலாமே என்று நான் கொதித்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"அம்மா போன்ல அழுதா தம்பி. எங்களையும் நெனச்சியேய்யான்னு சொல்லி அழுதா. அவட்ட போயி, உன்னய நெனைக்கல, என் பொண்டாட்டியத்தான் நெனச்சேன்னு எந்த வாயால சொல்லச் சொல்லுத?"

காக்கா டீ சொன்னார். அண்ணாச்சி குடித்துவிட்டு எழுந்து போனார். பாஸ்போர்ட் எல்லாம் வர மாதக்கணக்காயிற்று. அதுவரை அவர் அறையில் ஏசி பக்கமே போகவில்லை. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டார். நாங்கள் நாலு பேரும் ஜில்லென்று தூங்கினோம், ஆனால் யாருக்கும் அது சந்தோஷமாக இல்லை.

பாங்காக்கில் நடந்ததை அவர் திரும்பி வந்து, கடையில் உட்கார்ந்துதான் சொன்னார். ஃபேமிலி ரூம் மாடியில் இருந்தது. வரிசையாக ஆறு கட்டில், நடுவில் பீரோ அளவுக்கு ஒரு ஏசி. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஏசி அறையில் படுப்பது அதுதான் முதல் தடவை. மச்சானே மெக்கானிக், இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள் என்று தங்கை புருஷன் உரிமையோடு கேட்டிருக்கிறார். அண்ணாச்சி கூட்டி வைத்துவிட்டு, குரங்குக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு மூலைக் கட்டிலில் ஒடுங்கிவிட்டார். கணவன் மனைவி கட்டில்களுக்கு நடுவே அம்மாவும் மகனும்.

மறுநாள் காலை அவர் மனைவி வெந்நீர் கேட்கக் கீழே போனவள், நெடுநேரம் கழித்து வந்தாளாம். வந்தவள் நேராக மாமியாரிடம் போயிருக்கிறாள்.

"அத்தை, அவியளுக்கு ஏசி ஆகல. ராத்திரி பூரா நடுங்குதாவ. கீழ ஒரு ஃபேன் ரூம் காலியா கெடக்கு. விடுதிக்காரம்மாட்ட சைகை காட்டிக் கேட்டுட்டேன், சாவியும் குடுத்துட்டாவ. நான் கூட இருந்து பாத்துக்கிடுதேன்."

அம்மா பதறிப்போய் மகன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இன்னும் என்னடி நிக்கே, கூட்டிட்டுப் போ என்று விரட்டியிருக்கிறாள். புத்தர் கோயில், படகுச் சவாரி என்று நாலு பேரும் ஊரைச் சுற்றினார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் கடைசி நாள் வரை உடம்பு தேறவே இல்லை.

"அப்ப பாங்காக்ல என்னதான் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பாக்கல. காப்பி குடிச்சோம். தூங்கினோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ தூக்கத்துல பேசுவா தம்பி. இத்தன வருசமா எனக்குத் தெரியாது. பால்காரரோட சண்ட போடுதா, தண்ணி கலந்துட்டாராம். நானும் ரெண்டு வார்த்த சொன்னேன், போனாப் போவுது, விட்டுருன்னு. சரின்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா."

மனிதரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. காக்கா பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.