கோட்டுப் போட்டு வள்ளி கேட்ட கதை

சினிமா பார்த்துத் திருந்தியவர்கள் உண்டு. நான் சினிமா பார்த்துத் தொழிலதிபர் ஆனவன். அதுவும் ஒரே ஒரு பகலுக்கு.

ஒன்றுமில்லாத ஒருவன் பெரிய தொழிலதிபராகும் படம் அது. கள்ளக்குறிச்சி தியேட்டரில் இடைவேளை வரை கதாநாயகன் ஓட்டை சைக்கிளில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். நான் வரிசையில் நின்று பப்ஸ் வாங்கித் திரும்புவதற்குள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். நடுவில் என்ன செய்தான் என்பதை மட்டும் பார்க்கவில்லை. (அதுதான் படமே என்று பிறகு சொன்னார்கள்.) பார்த்தவரையில் கோட்டுப் போட்டிருந்தான், எல்லோரையும் மாமா என்று உறவு கொண்டாடினான், பேரம் பேசத் தாம்பூலத் தட்டை நீட்டினான். இது போதாதா?

மறுநாளே செல்போன் கடை வேலையை உதறினேன். "இனிமே என்னைப் பாக்கணும்னா அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்ணே" என்று முதலாளியிடம் திமிராகச் சொல்லியும் தொலைத்தேன். ஆகவே முதல் வியாபாரம் முடியாமல் ஊர் திரும்ப வழியில்லை. கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பேசி, ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புவது திட்டம். அண்ணனின் ரிசப்ஷன் கோட்டை மாட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு பஸ் ஏறினேன்.

வெள்ளிமலை தாண்டி ஒரு வீட்டை ஒட்டிக் கிழங்குக் காடு பச்சைப் பசேலென்று நின்றது. வாசலில் இருந்த பெரியவரிடம் தட்டை நீட்டினேன்.

"மாமா, நான் கள்ளக்குறிச்சி. உங்க வள்ளிய கேட்டுத்தான் வந்திருக்கேன்."

(எங்கள் பக்கம் மரவள்ளியில் மரத்தை விழுங்கிவிட்டு வெறும் வள்ளி என்போம். அவர்களுக்கு அது கிழங்கு. எனக்குத் தெரியாது.)

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வள்ளிய எங்க பாத்தீங்க?"

"பஸ்ல வரும்போதே பாத்துட்டேன். தளதளன்னு இருக்கு மாமா."

"இன்னும் ஒரு வருசம் போவட்டும்னு இருந்தோம்ங்க."

"ஐயோ, முத்திப் போயிடும் மாமா! இப்பவே குடுத்துடுங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து பாய் கொண்டுவந்து விரித்தார். தட்டு கைமாறியது. முறுக்கு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது.

"அப்ப எப்ப வெச்சிக்கலாம்?" என்றார் பெரியவர்.

"நாளைக்கே மாமா. மூட்டை கட்டி லாரில ஏத்திடறேன். ஆலைல போட்டா சாயங்காலத்துக்குள்ள அரைச்சிடுவாங்க."

பெரியவர் வாயிலிருந்த முறுக்கு அப்படியே நின்றது.

உள்ளே யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். நர்ஸ் உடையில் ஒரு பெண் வெளியே வந்தாள். "யப்பா, அவரு என்னைக் கேக்கல. கிழங்கைக் கேக்குறாரு."

அவள்தான் வள்ளி.

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். மலைப் பூமி, கெட்டியாக இருந்தது.

"கிழங்கு போன வாரமே வேற ஆளுக்குப் பேசியாச்சே தம்பி," என்றார் பெரியவர். பிறகு என் கோட்டை ஏற இறங்கப் பார்த்து, "பொண்ணு இருக்கு. இன்னா சொல்றீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வள்ளி முந்திக்கொண்டாள். "இந்த வெயில்ல கோட்டு போட்டுகினு மலையேறி வர்ற ஆளா? வேணாம்பா."

ஒரே நாளில் இரண்டு வள்ளியும் கைநழுவிப் போயின. பழத்தை மட்டும் என்னிடமே கொடுத்தனுப்பினார்கள்.

மறுநாள் செல்போன் கடை வாசலில் போய் நின்றேன். முதலாளி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அப்பாயின்ட்மென்ட் வாங்கினியா?"

எனக்குக் கல்யாணமானதும் அண்ணன் முதல் வேலையாக இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்குக்கு 'மொத சம்சாரம்' என்று பெயர்.

சமீபத்தில் அந்தப் படம் டி.வி.யில் வந்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கதாநாயகன் சைக்கிளை நிறுத்தி, மூட்டையை இறக்கி, ஏதோ யோசனை வந்தவன் போல நிமிர்ந்தான்.

"ஏங்க, உங்க மொத சம்சாரம் வெந்துடுச்சி. உப்பு போதுமான்னு வந்து பாருங்க."

பார்த்துவிட்டு வந்தேன். ஹெலிகாப்டர் இறங்கிக்கொண்டிருந்தது.