மூன்று முறை உடைந்த விளக்கு

"மறுபடியுமா?" என்று விளக்குக்காரர் போட்ட சத்தத்தில், சமையலறையிலிருந்த மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஆமா சார், தூள்தூளா இருக்கு. கஸ்டமர் போட்டோ அனுப்பியிருக்காங்க," என்றாள் போனில் இணைய விற்பனைத் தளத்தின் புகார்ப் பிரிவுப் பெண்.

"நானும் அனுப்பறேனே! பேக் பண்றப்போ முழுசா இருந்த போட்டோ!"

"உடைஞ்ச போட்டோதான் சார் செல்லும். இன்னொரு புகார் வந்தா உங்க கடையை மூடிடுவோம்."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடி விளக்கை ஊதி, இழைத்து, பிள்ளை மாதிரி வளர்த்து விற்பவர் அவர். ஆசை ஆசையாக இணையத்தில் கடை திறந்தார். வந்த முதல் ஆர்டரே ஒரு பாட்டு டீச்சருடையது. அதற்கு இதுவரை மூன்று தடவை விளக்கு போய், மூன்று தடவையும் நொறுங்கிவிட்டது.

இத்தனைக்கும் அவர் குறை வைக்கவில்லை. முதல் முறை அட்டையே தெரியாத அளவுக்கு டேப் சுற்றினார். அடுத்தது பலகைப் பெட்டி. அதற்கடுத்து, பெட்டிக்குள் பெட்டி.

"இதுக்கு நீங்க பேசாம பெட்டி வியாபாரமே பண்ணலாம்," என்றாள் மனைவி.

"நீ வேற வெறுப்பேத்தாதே! எல்லாம் அந்த கூரியர்காரன் வேலை."

மறுநாள் கூரியர்காரர் வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, கண்ணாடின்னு சிவப்பு மையில கொட்டை கொட்டையா எழுதியிருக்கேன். தூக்கி எறியறியா?"

"சார், உங்க பெட்டியைத் தூக்கவே ரெண்டு பேர் வேணும். இதுல எங்க எறியறது? என் இடுப்புக்கு நீங்கதான் பதில் சொல்லணும்!"

சே, என்ன உலகம் இது! வாங்குகிறவள் நம்பவில்லை, விற்கிற தளம் நம்பவில்லை, சுமக்கிறவன்கூட எதிர்த்துப் பேசுகிறான். இனி யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தார். நான்காவது விளக்குக்குத் தடிப்பலகை அறுத்து, அங்குலத்துக்கு ஓர் ஆணி அடித்து, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டார். அதைத் தானே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்க," என்றார் கண்டக்டர்.

"எடுக்கறேன்யா! ஆனா பிரேக்கைப் பார்த்துப் போடச் சொல்லுங்க!"

ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிப் பிடித்தார். இறங்கும்போது தொடை இரண்டும் மரத்துப்போயிருந்தன.

டீச்சர் கதவைத் திறந்தார். விளக்குக்காரர் பெட்டியை நடுக்கூடத்தில் இறக்கிவிட்டுப் பொரிந்து தள்ளினார்.

"நான்தாம்மா அந்த விளக்குக்காரன். என் பிழைப்பே போகப்போகுது. வழியில ஒரு தூசு படாம நானே கொண்டாந்திருக்கேன். என் கண்ணு முன்னாடி பிரிங்க. வீடியோ எடுக்கறேன். இது உடைஞ்சிருந்தா நானே கடையை மூடிடறேன்!"

"கோபப்படாதீங்க. எனக்கும் முழு விளக்கு வேணும்னுதான் ஆசை," என்றார் டீச்சர். பெட்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "என்னங்க, விளக்கு வந்திருக்கு. பிரிக்கணும், வாங்க."

உள்ளிருந்து கணவரின் குரல் வந்தது.

"அந்த ஆளோட பெட்டியா? போன பெட்டிக்கே கோடாலியால ஏழெட்டு போடு போட்டப்புறம்தான் திறந்துச்சு. கடப்பாரையை எடுத்துட்டு வரவா?"