இரண்டு மணிச் சங்கு

நானும் ஒரு காலத்தில் தொழில்முறைக் கால்பந்து வீரன்தான். தடுப்பாட்டக்காரன். எத்தனை வருஷம் ஆடினீர்கள் என்று கேட்கிறார்கள். வருஷமெல்லாம் இல்லை, ஒரு மணி நேரம். (இடைவேளையையும் சேர்த்தால் ஒன்றேகால்.)

அதற்கு முன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷம் மெஷின் ஓட்டினேன். பக்கத்து மெஷினில் ஒருவருக்கு இரண்டு விரல்கள் போன பிறகு அங்கே ஒரு விதி வந்தது. எந்தச் சங்கு ஊதினாலும், அது ஷிப்ட் முடிகிற சங்கானாலும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். யோசிக்கவே கூடாது. யோசிக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன். அதற்குப் பரிசாக எவர்சில்வர் டிபன் கேரியர்கூட வாங்கியிருக்கிறேன்.

கம்பெனி அணியில் நான் ஆடியதைப் பார்த்துப் பெங்களூர் கிளப் ஒன்று கூப்பிட்டது. முதல் ஆட்டத்தில் தேறினால் ஒரு வருஷ ஒப்பந்தம். நிரந்தர வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவி சுமதி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பக்கத்துத் தளி ஊரில் முட்டைக்கோஸ் பயிர் போட்டிருந்த அப்பா மட்டும் போய் ஆடு என்றார். ஆட்டம் ஓசூரிலேயே என்றதும், பஸ்ஸில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆட்டம் தொடங்கியது. என்னைத் தாண்டி ஒருவரும் போகவில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். இரண்டாவது பாதியில், எங்கள் கோலுக்குப் பக்கத்தில், பந்து என் காலில் இருந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத் தொழிற்சாலையில் இரண்டு மணிச் சங்கு ஊதியது.

இரண்டு கையையும் தூக்கினேன். பின்னால் ஒரு கோடு இருந்தது. வெள்ளைக் கோடு என்றுகூடப் பார்க்காமல் அதைத் தாண்டிப் போய் ஒழுங்காக நின்றேன். எதிரணிக்காரன் பந்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக வந்து கோல் போட்டான். எங்கள் கோல்கீப்பர், "யாக்கோ பிட்டே?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏன்டா விட்டே என்று கேட்கிறார் என்பது புரிந்தது. கையை இறக்கத்தான் தோன்றவில்லை.

பயிற்சியாளர் உடனே என்னை வெளியே எடுத்தார். அந்த ஒரு கோலில் தோற்றோம். இனி வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். இருந்த வேலையும் போய், ஆசைப்பட்டதும் போய், அப்பாவை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டு ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெஷின், விரல், மஞ்சள் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிஜமாகவே சந்தேகம் கேட்பவர்போல் கேட்டார்.

"சங்கு ஊதுனா கைய எடுக்கச் சொன்னாங்க, செரி. கால யாருப்பா எடுக்கச் சொன்னது?"

அழ ஆரம்பித்தவனுக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது வேறொரு தொழிற்சாலையில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். சங்குப் பாடத்தை என்னைப்போல் யாரும் நடத்துவதில்லை என்கிறார்கள். விடுமுறை நாளில் வீட்டில் சாப்பிடும்போது இரண்டு மணிச் சங்கு கேட்டால், சுமதியும் மகளும் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து உட்காருகிறார்கள். வந்திருந்தால் அப்பாவும். நான் மட்டும் தட்டை விடுவதில்லை.